பழகிய உயிர்கள் – 9: வெளிச்சமும் சத்தமும் கலந்த தண்ணீர்

இரண்டு நாணயங்களைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்த ஒரு ராக்கூனோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ஸ்கின்னரிடம் பாடம் கற்ற கெல்லர் பிரெலண்டும் அவர் மனைவி மரியன் பிரெலண்டும், உண்டியலில் காசு போட அதைப் பழக்கியிருந்தார்கள். போட்டால் தீனி, போடாவிட்டால் பட்டினி. அவர்கள் கற்ற சட்டத்தின்படி அது காசைப் போட்டிருக்க வேண்டும். அதுவோ தீனியை விட்டுவிட்டு, ஆற்றில் பிடித்த இரையைக் கழுவுவதுபோலக் காசைக் கழுவிக்கொண்டிருந்தது. 1961-ல் தம்பதி இதைக் கட்டுரையாக எழுதியபோதும், விலங்கு பழக்கும் தொழிலில் இப்படிச் சில விந்தைகள் நடக்கும் என்று ஒதுக்கிவிட இடமிருந்தது.

இந்த வாரம் பார்க்கப்போவதை அப்படி ஒதுக்க முடியவில்லை. அது ஆய்வகத்துக்கு உள்ளே, எடை போட்ட எலிகளோடும் அளந்து ஊற்றிய தண்ணீரோடும் நடந்தது.

*

முதலில் அந்தச் சட்டம் என்ன சொன்னது என்று தெளிவாக வைத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் இந்தக் கதையில் பாவ்லோவ், வாட்சன், ஸ்கின்னர் என்று ஆட்கள் மாறினாலும், சண்டைகள் பல நடந்தாலும், கற்றலைப் பற்றிய இரண்டு நம்பிக்கைகள் மட்டும் கைமாறிக் கைமாறி வந்தன. ஒன்று, எந்தத் தூண்டலையும் எந்த விளைவோடும் இணைக்கலாம். மணியோசை, விளக்கு, தோலில் ஓர் உரசல், எதுவாக இருந்தாலும் பரவாயில்லை; சோதிப்பவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அது உணவின் அறிகுறியாகவோ வலியின் அறிகுறியாகவோ ஆகிவிடும். இரண்டு, தூண்டலும் விளைவும் காலத்தில் ஒட்டி வர வேண்டும். இந்த இரண்டாவது விதிக்கு வலுவான சோதனைச் சான்றே இருந்தது. 1948-ல் ராபர்ட் க்ரைஸ் எலிகளுக்குக் கறுப்பு, வெள்ளை வேறுபாட்டைக் கற்பித்தபோது, சரியான தேர்வுக்கும் உணவுக்கும் நடுவே சில விநாடி தாமதம் செய்தாலே கற்றல் தடுமாறியது. பத்து விநாடியில் ஏறக்குறைய படுத்தேவிட்டது. ஆகவே, விநாடிகளில் அளக்கப்படுவதுதான் கற்றல் என்று பாடப்புத்தகங்கள் எழுதின.

இந்த இரண்டு விதிகளும் சேர்ந்தால் கிடைப்பது ஒரு பெரிய வாக்குறுதி. விலங்கின் இனம் முக்கியமில்லை, அதன் உடம்பு முக்கியமில்லை, அது எந்தக் காட்டில் எதைத் தின்று வளர்ந்தது என்பதும் முக்கியமில்லை. எலியிடம் கண்ட விதி மனிதனுக்கும் பொருந்தும். எந்தக் குழந்தையையும் டாக்டராகவோ திருடனாகவோ ஆக்கிக் காட்டுகிறேன் என்று வாட்சன் சவால் விட்டதற்கும், ஒரு பெட்டியும் ஒரு புறாவும் போதும் என்று ஸ்கின்னர் தரப்பு நம்பியதற்கும் அடித்தளம் இதுவே. என் வாதம் என்னவென்றால், 1966-ல் இடிந்தது இந்த அடித்தளம்தான். மேலே கட்டிய கட்டடத்தில் பெரும்பகுதி நின்றது. பின்னாளில் இந்த நிகழ்வைச் சொன்ன பலரும் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள்.

*

இடித்தவர் வழக்கமான பாதையில் வந்த பேராசிரியர் இல்லை. ஜான் கார்சியா 1917-ல் கலிஃபோர்னியாவில் சாண்டா ரோசா பக்கம், ஸ்பெயினிலிருந்து குடியேறிய விவசாயத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். தோட்ட வேலை, மெக்கானிக் வேலை எல்லாம் பார்த்தவர். போர் முடிந்தபின் பெர்க்கலியில் உளவியல் படிக்க வந்து, முனைவர் பட்டத்தை முடிக்காமலே சான் பிரான்சிஸ்கோவின் ஹண்டர்ஸ் பாயின்ட்டில் இருந்த கடற்படைக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1946-ல் பிகினி தீவில் அமெரிக்கா அணுகுண்டு சோதனை நடத்தியபோது கதிர்வீச்சு படிந்த கப்பல்கள் கொண்டுவரப்பட்ட துறைமுகம் அது. அந்த ஆய்வகத்தின் கவலை கற்றல் கோட்பாடு அல்ல. கதிர்வீச்சு உடம்பை என்ன செய்கிறது என்பதே அதன் கேள்வி.

அங்கே எலிகள் கதிர்வீச்சுக் கூண்டில் மணிக்கணக்கில் வைக்கப்பட்டன. கார்சியா கண்ணில் பட்டது சின்ன விஷயம். கதிர்வீச்சுக் கூண்டுக்குள் போன எலிகள் அங்கே தண்ணீர் குடிப்பதை வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வந்தன. தங்கள் சொந்தக் கூண்டிலோ வழக்கம்போலக் குடித்தன. இரண்டு கூண்டிலும் ஒரே தண்ணீர். வேறுபாடு பாட்டிலில் இருந்தது: கதிர்வீச்சுக் கூண்டில் பிளாஸ்டிக், வீட்டுக் கூண்டில் கண்ணாடி. பிளாஸ்டிக் தண்ணீரில் ஏறியிருந்த லேசான சுவையைத்தான் எலிகள் வெறுக்கின்றனவோ?

வேறொருவர் பாட்டிலை மாற்றிவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருப்பார். கார்சியா பாட்டிலையே சோதனையாக்கினார். டொனால்ட் கிமல்டார்ஃப், ராபர்ட் கோலிங் ஆகியோருடன் சேர்ந்து எலிகளுக்கு எப்போதும் பிடித்த சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் கதிர்வீச்சின்போது கொடுத்தார். பின்னர் சாதாரணத் தண்ணீரையும் இனிப்பு நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, கதிர்வீச்சு பட்ட எலிகள் இனிப்பை ஒதுக்கின. அளவு கூடக் கூட வெறுப்பும் கூடியது. 1955-ல் இது சயன்ஸ் இதழில் வந்தது. கதிர்வீச்சுத் துறையினர் படித்தார்கள். கற்றல் துறையில் பெரிய அதிர்ச்சி எதுவும் எழவில்லை.

எழுந்திருக்க வேண்டும். கதிர்வீச்சை எலி பார்ப்பதில்லை, கேட்பதில்லை. அதனால் வரும் குமட்டல் சட்டென்று வருவதுமில்லை. அப்படியானால் சுவைக்கும் நோய்க்கும் நடுவே ஏகப்பட்ட நேரம் ஓடியிருக்கிறது. அந்த நேரத்தில் எலி கூண்டின் சுவரைப் பார்த்தது, இயந்திரத்தின் ஓசையைக் கேட்டது, தன் காலடியில் கம்பியை உணர்ந்தது. இத்தனையையும் விட்டுவிட்டு நாக்கில் பட்டதன்மேல் மட்டும் பழியைப் போட்டது ஏன்?

*

இதற்கு விடை தேடிய சோதனை, உளவியலில் மிகச் சிக்கனமான வடிவம் கொண்ட சோதனைகளில் ஒன்று. 1966-ல் கார்சியாவும் கோலிங்கும் வெளியிட்ட அந்தக் கட்டுரை இரண்டே பக்கம்.

எலி ஒரு குழாயை நக்கித் தண்ணீர் குடிக்கிறது. ஒவ்வொரு நக்கலுக்கும் ஒரு விளக்கு மின்னுகிறது, ஒரு சொடக்குச் சத்தம் கேட்கிறது. தண்ணீரிலோ இனிப்பு இருக்கிறது. ஆக ஒரே மடக்கில் நாக்குக்கு ஒன்று, கண்ணுக்கும் காதுக்கும் ஒன்று என இரண்டு அறிகுறிகள். வெளிச்சமும் சத்தமும் உள்ள அந்தத் தண்ணீரை அவர்கள் அப்படியே, வெளிச்சச் சத்தத் தண்ணீர் என்றே அழைத்தார்கள். இப்போது எலிகளைப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு எக்ஸ் கதிர், அதாவது குமட்டல். மறு பங்குக்குக் காலில் மின் அதிர்ச்சி, அதாவது வலி. பிறகு இரண்டு அறிகுறிகளையும் தனித்தனியாக வைத்துச் சோதித்தார்கள்: இனிப்பு மட்டும் உள்ள நீர் ஒரு நாள், வெளிச்சமும் சத்தமும் மட்டும் உள்ள வெறும் நீர் மற்றொரு நாள்.

பழைய சட்டம் சரியென்றால் நான்கு இணைப்புகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. குமட்டல் கண்ட எலிகள் இனிப்பைத் தொடவில்லை, வெளிச்சச் சத்தத் தண்ணீரைக் கவலையின்றிக் குடித்தன. அதிர்ச்சி கண்ட எலிகள் வெளிச்சமும் சத்தமும் வந்ததும் பின்வாங்கின, இனிப்பை மட்டும் நிம்மதியாகக் குடித்தன. சுவை வயிற்றோடு சேர்ந்தது, காட்சியும் ஓசையும் தோலின் வலியோடு சேர்ந்தன. குறுக்கே சேரவில்லை.

அதே ஆண்டில் ஃபிராங்க் எர்வினும் கோலிங்கும் கார்சியாவோடு சேர்ந்து இரண்டாவது விதியையும் சோதித்தார்கள். இனிப்பு நீருக்கும் குமட்டல் ஊசிக்கும் நடுவே தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒரு மணி நேரம் தாண்டியும் எலி கற்றது. அடுத்த ஆண்டு ஜேம்ஸ் ஸ்மித்தும் டேவிட் ரோலும் எக்ஸ் கதிரை வைத்து அந்த இடைவெளியைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டிக் காட்டினார்கள்.

க்ரைஸின் எலிக்குப் பத்து விநாடி. இந்த எலிக்கு அரை நாள்.

*

பெரிய இதழ்கள் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பின. கடைசியில் இடம் தந்தது சைக்கோனாமிக் சயன்ஸ் என்ற, குறுங்கட்டுரைகளை விரைவாகப் போடும் புதிய இதழ். குக்கூ கடிகாரத்துக்குள் நிஜப் பறவையின் எச்சம் கிடப்பதைவிட இந்த முடிவுகளுக்கு வாய்ப்பு குறைவு என்று ஒரு மூத்த ஆய்வாளர் கிண்டல் செய்ததாகத் துறையில் இன்றும் சொல்வார்கள். கார்சியாவை அறிவியலின் தியாகியாகவும் மறுத்தவர்களை மூடர்களாகவும் காட்டும் கதைகள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. அந்தக் கதையோடு எனக்கு உடன்பாடில்லை. மறுத்தவர்கள் கேட்ட கேள்விகளில் சில உண்மையிலேயே நல்ல கேள்விகள், அவற்றுக்குப் பதில் தேடியதால்தான் இந்தக் கண்டுபிடிப்பு உறுதிப்பட்டது. அவர்கள் தவறியது வேறிடத்தில்: பதில் வந்த பிறகும் சிலர் கேள்வியை மாற்றவில்லை.

முதல் ஐயம் இது. நோய் வந்த எலி எதைக் கண்டாலும் மிரளும். அதைக் கற்றல் என்பானேன்? இதற்குக் கார்சியாவின் சோதனை வடிவமே பதில். நோய் வந்த அதே எலி வெளிச்சச் சத்தத் தண்ணீரைத் தயங்காமல் குடித்ததே! பொதுவான மிரட்சி என்றால் அதையும் ஒதுக்கியிருக்கும். சாக்கரின் வலுவான தூண்டல், விளக்கும் சத்தமும் பலவீனமானவை என்ற மறுப்பும் இதே இடத்தில் விழுகிறது. மின் அதிர்ச்சியோடு சேர்த்தபோது அதே விளக்கும் சத்தமும் வென்றன, சாக்கரின் தோற்றது. இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சோதித்ததன் அருமை இதில்தான் இருக்கிறது. ஒரே ஒரு குழுவை வைத்துச் செய்திருந்தால் இந்த மறுப்புகளுக்குப் பதிலே கிடைத்திருக்காது.

இரண்டாவது ஐயம் இன்னும் நுட்பமானது. சுவை நாக்கிலேயே தங்கியிருக்கலாம், அல்லது ஏப்பத்தோடு திரும்பி வரலாம். அப்படியானால் குமட்டல் நேரத்தில் சுவையும் வாயில் இருந்திருக்கும், காலநெருக்க விதி தப்பிவிடும். பால் ரோசின் இதை எடுத்துக்கொண்டு, ஒரே பொருளின் அடர்ந்த கரைசலையும் நீர்த்த கரைசலையும் எலிகளுக்குக் கொடுத்தார். ஒன்றை மட்டும் குமட்டலோடு இணைத்தபோது, நீண்ட தாமதத்துக்குப் பின்னும் எலிகள் இரண்டையும் பிரித்து அறிந்தன. வாயில் எஞ்சிய மிச்சத்துக்கு ஆரம்ப அடர்த்தி எவ்வளவு என்று தெரியாது. ஆகவே எலி பயன்படுத்தியது வாயில் கிடந்த எச்சத்தை அல்ல, நினைவை.

மூன்றாவது: இது பிறவியில் வந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? எலி பிறந்தது முதல் சாப்பிட்டு, வயிறு வலித்து, நாக்குக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவைச் சொந்த அனுபவத்திலேயே கற்றிருக்கலாமே. பழைய கட்சிக்கு இருந்த மிகச் சிறந்த தற்காப்பு இதுதான் என்பேன், ஏனென்றால் இது விதியைக் கைவிடாமலே முடிவை ஏற்றுக்கொள்கிறது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1982-ல், ஜெம்பர்லிங்கும் டோம்ஜனும் பிறந்து ஒரே நாளான எலிக்குஞ்சுகளில் சோதித்தார்கள். அவையும் சுவையை நோயோடும், தொடு உணர்வை அதிர்ச்சியோடும்தான் இணைத்தன. ஒரு நாள் வயதில் அனுபவத்துக்கு இடம் மிகக் குறைவு.

*

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைச் சிந்திக்கவைக்கும் மறுப்பு வேறு. 1970-ல் மார்ட்டின் செலிக்மன், சில இணைப்புகளுக்கு உயிரினம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை, சிலவற்றை எதிர்க்கிறது என்று எழுதினார். கேட்க நன்றாக இருக்கிறது. எலி ஏன் சுவையை நோயோடு எளிதில் இணைத்தது? தயாராக இருந்தது. தயாராக இருந்தது என்று எப்படித் தெரியும்? எளிதில் இணைத்ததே! இது விளக்கம் அல்ல, அதே செய்தியை இரண்டு முறை சொல்வது. இந்தக் கண்ணியிலிருந்து வெளியே வர ஒரே வழி, முடிவைப் பார்த்தபின் சொல்லாமல் முன்பே சொல்வது. விலங்கு உயிர்வாழும் விதத்தை மட்டும் வைத்து, அது எதை எதோடு இணைக்கும் என்று ஊகித்துப் பிறகு சோதிப்பது.

1971-ல் வில்காக்ஸன், டிராகோயின், க்ரால் மூவரும் அதைத்தான் செய்தார்கள். எலி இரவில் நடமாடும், கண் மங்கல், மூக்கையும் நாக்கையும் நம்பிச் சாப்பிடும். அதோடு எலியால் வாந்தி எடுக்க முடியாது; உள்ளே போனது போனதுதான். அதனால் வாசலிலேயே, நாக்கிலேயே, காவல் கடுமையாக இருக்க வேண்டியிருக்கிறது. காடையோ பகலில் மேயும் பறவை, தானியத்தைக் கண்ணால் பொறுக்குவது. அப்படியானால் நோய் வந்தால் எலி சுவையைக் குற்றம் சொல்ல வேண்டும், காடை நிறத்தைக் குற்றம் சொல்ல வேண்டும். நீலமாகவும் புளிப்பாகவும் இருந்த தண்ணீரை இரண்டுக்கும் கொடுத்தார்கள். அரை மணி கழித்து நோய் வரவழைக்கும் ஊசி. பின்னர் எலிகள் புளிப்பை ஒதுக்கின, நீலத்தைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை. காடைகளோ நீலத்தைக் கண்டதும் ஒதுங்கின. ஒரே தண்ணீர், ஒரே மருந்து, இரண்டு உயிர்களுக்கு இரண்டு பாடங்கள்.

உண்மையில், நாக்கின் இந்தக் காவல் எலி பிடிப்பவர்களுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தானியத்தைக் காப்பாற்ற பிரிட்டனில் எலி ஒழிப்பைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் எல்டனின் குழு விரிவாக ஆராய்ந்தது. ஒருமுறை நஞ்சைத் தின்று பிழைத்த எலி அந்தத் தீனியை மறுபடி தொடாது என்பது களத்தில் நடைமுறை அறிவாகவே இருந்தது. தானியக் கிடங்கில் தெரிந்த ஒன்று ஆய்வகத்தில் நடக்க முடியாததாக இருந்திருக்கிறது.

*

மனிதர்களிடம் இதன் தடயம் இல்லாமலா? ஐந்தாம் பகுதியில் பார்த்த குழந்தை ஆல்பர்ட்டை நினைவில் கொள்ளுங்கள். வெள்ளை எலியையும் இரும்புக் கம்பியில் சுத்தியல் அடிக்கும் சத்தத்தையும் இணைத்து 1920-ல் வாட்சனும் ரேய்னரும் அவனுக்குப் பயத்தைக் கற்பித்தார்கள். 1934-ல் எல்சி பிரெக்மன் அதையே எலிக்குப் பதிலாக மரக்கட்டைகளையும் துணிகளையும் வைத்துப் பல குழந்தைகளிடம் முயன்றார். பயம் ஒட்டவில்லை. ரோமம் உள்ள உயிருக்கும் மரக்கட்டைக்கும் வேறுபாடு இருக்கிறது என்ற குறிப்பு முப்பது ஆண்டுகளாக அலமாரியில் கிடந்தது. படிக்க ஆளில்லை, ஏனென்றால் அதை வைத்துப் பேச ஒரு சட்டகம் இல்லை.

உணவில் இது இன்னும் தெளிவு. 1978-ல் சியாட்டிலில் இலீன் பெர்ன்ஸ்டைன், புற்றுநோய்க்கான கீமோதெரபி சிகிச்சைக்கு வந்த குழந்தைகளில் ஒரு குழுவுக்கு, சிகிச்சைக்கு முன் வழக்கத்தில் இல்லாத சுவையில் ஓர் ஐஸ்கிரீம் கொடுத்தார். பின்னர் அந்த ஐஸ்கிரீமைத் தரும்போது அவர்களில் பலர் மறுத்தார்கள். ஒப்பீட்டுக் குழுக்களில் அவ்வளவு மறுப்பு இல்லை. குமட்டலுக்குக் காரணம் மருந்து என்று பெரியவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தாலும் இந்த வெறுப்பு வரும். செலிக்மனே ஒரு வெண்ணெய்ச் சாஸைப் பற்றி இப்படி எழுதினார்: சாப்பிட்ட இரவு வாந்தி, காரணம் வைரஸ் காய்ச்சல் என்று பிறகு தெரியவந்தது, ஆனாலும் சாஸ் மட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு, பழைய சட்டத்தில் எதுவும் மிஞ்சவில்லையா? மிஞ்சியது. 1979-ல் அலெக்ஸாண்ட்ரா லோக் சுவை வெறுப்பைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அதுவும் மற்றக் கற்றலைப்போலவே திரும்பத் திரும்பச் செய்தால் வலுக்கிறது, தொடராவிட்டால் தேய்கிறது, ஒத்த சுவைகளுக்குப் பரவுகிறது என்று காட்டினார். எண்கள் மாறுகின்றன, விதிகள் மாறவில்லை என்பது அவர் வாதம். பாதி ஒப்புக்கொள்ளலாம். வளைவுகளின் வடிவம் பொதுவானதுதான். ஆனால் எந்தப் பொருள் எந்த விளைவோடு சேரும், எத்தனை நேரம் காத்திருக்கும் என்பவற்றை வெறும் எண் மாற்றம் என்று சொல்வது, வாட்சனின் வாக்குறுதியைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொள்வது. அந்த வாக்குறுதியின் உயிரே, எதையும் எதோடும் என்ற சொற்றொடரில்தான் இருந்தது. தனித்தனி உயிர் தனித்தனி கேள்விப் பட்டியலோடு பிறக்கிறது என்று ஏற்றுக்கொண்டபின், எலியை வைத்து மனிதனைப் பற்றி முடிவு சொல்லும் உரிமையும் தானாகப் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் சம்பாதிக்க வேண்டியதாகிவிட்டது.

கார்சியாவுக்கு 1965-ல்தான், நாற்பத்தெட்டாவது வயதில், முனைவர் பட்டம் கிடைத்தது. 1979-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் அறிவியல் விருது. 1983-ல் தேசிய அறிவியல் கழக உறுப்பினர்.

*

காடைக்கும் எலிக்கும் நோய் வரவழைக்க 1971-ல் பயன்படுத்திய ஊசியின் பெயர் சைக்ளோஃபாஸ்ஃபமைட். அந்த மருந்து குமட்டல் தருகிறது என்பதற்காகவே அதை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: அது உடம்பின் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும். கற்றல் சோதனை செய்தவர்களுக்கு அது தேவையற்ற விவரம்.

ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஏடர் என்ற உளவியலாளர் இதே மருந்தோடு சாக்கரினை இணைத்து, எலிகளின் வெறுப்பு எப்படித் தேய்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். ஊசி ஒருமுறைதான். அதன்பின் வெறும் இனிப்பு நீர் மட்டும். வெறுப்பு தேய்ந்துகொண்டு வந்தது, எல்லாம் எதிர்பார்த்தபடி. ஆனால் சில வாரங்களில் அந்த எலிகள் சாகத் தொடங்கின. முதலில் இனிப்பு நீரை நிறையக் குடித்தவற்றில் சாவு அதிகமாக இருந்தது.

ஒரே ஒரு ஊசியின் அளவு கொல்லப் போதாது. இனிப்பு நீரில் நஞ்சு இல்லை. அப்படியானால் எலியின் உடம்பு அந்த இனிப்பிலிருந்து கற்றுக்கொண்டது குமட்டலை மட்டும்தானா?

(தொடரும்)